காலர் முனையில் ஒரு புள்ளி

பள்ளிக்கூடத்துக் கட்டுரைகளுக்கு அப்பால் பேனாவை இவ்வளவு தூரம் ஓட்டிப் பழகாத கை இது. எழுதத் தெரிந்தவர்கள் நிறைந்த சபையில் இதை எடுத்துவைக்கத் துணிந்தமைக்காக முதலிலேயே மன்னிப்புக் கோரிக்கொள்கிறேன். சொல்லில் காணும் குறைகள் அனைத்தும் என்னுடையவை. நடந்ததை நடந்தபடி சொல்வதற்கு மட்டும் தயவுசெய்து இடம் தர வேண்டும்.

நான்காம் வரிசையில் தையல் இயந்திரங்கள் முடிகிற இடத்தில் ஒரு நீண்ட மேசை கிடந்தது. அதன்மேல் வெள்ளைத் தகடு. தகட்டுக்கு மேலே, நிற்பவரின் நெற்றியில் சூடு படும் உயரத்தில், இரண்டு குழல்விளக்குகள். காலை எட்டு மணிக்குப் போட்டால் மாலை ஆறு வரை அவற்றை அணைப்பதில்லை. அந்த மேசைக்கு முன் பதினோர் ஆண்டுகளாக நின்று சட்டைகளைச் சரிபார்த்து வந்த பெண்மணியைத் தையல்கூடம் முழுவதும் பூதக்கண்ணாடி என்றே அழைத்தது. நூல் ஒன்று பிசகினாலும் அவர் கண்ணில் படாமல் அந்த மேசையைத் தாண்டாது. முதலில் முதுகுக்குப் பின்னால் அப்படிச் சொன்னார்கள். பிறகு முகத்துக்கு நேரே சொன்னார்கள். கடைசியில் சம்பளச் சீட்டில் மட்டுமே அவருடைய சொந்தப் பெயர் மிஞ்சியது.

சட்டை ஒன்றுக்கு நாற்பது விநாடி. இடக்கையால் காலரைத் தூக்கி, இரண்டு முனைகளையும் விளக்குக்குக் காட்ட வேண்டும். சட்டை வாங்குகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான் என்பதால், கண் அங்கே நின்று பார்க்க வேண்டும் என்பது விதி. அதன்பின் பட்டன் பட்டி, பை, கைமுனை, பக்கத் தையல், அடிமடிப்பு என்று கண் ஓடிக்கொண்டே இருக்கும். குறை தென்பட்டால், விரல்நகம் அளவுள்ள சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒன்றைக் குறையை நோக்கி ஒட்டிவிட்டு, உள்சீட்டில் இருக்கும் தையற்காரரின் எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை பார்த்ததை மறுமுறை பார்க்க நேரம் ஒதுக்கப்படவில்லை.

கறை என்றால் அந்தச் சட்டை பின்னறைக்குப் போகும். அங்கே கறை நீக்கும் நீரைப் பீய்ச்சும் கைத்துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் துப்பாக்கி என்றே பெயர். அம்பு காட்டும் இடத்தில் பீய்ச்சுவார், காற்றுக்குழாயால் உலர்த்துவார், அம்பைப் பிய்த்தெறிவார். அம்புக்கு எதிரே கறை இருக்கிறதா என்று பார்ப்பது அவருடைய வேலையில்லை. அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தால் நாளொன்றுக்கு நானூறு சட்டைகள் முடியா.

அந்த மாதம் வெள்ளைச் சரக்கு ஓடிக்கொண்டிருந்தது. பதினெட்டாயிரம் சட்டைகள். ஒரு செவ்வாய்க்கிழமை, சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னதாக, காலர் தைப்பவர் தம் இயந்திரத்தை நிறுத்திவிட்டு மேசையருகே வந்து நின்றார். ஐம்பத்தைந்து வயது. பத்தொன்பது ஆண்டுகளாகக் காலர் ஒன்றையே தைத்து வந்தவர் என்பதால் அவர் காலர்க்காரர்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கலாமா? கோவிச்சுக்கக் கூடாது."

"கேளுங்கண்ணே. கைய மட்டும் நிறுத்தச் சொல்லாதீங்க."

"காலையிலேருந்து பதினாலு அம்பு. எல்லாம் என் காலர்ல. போர்க்களத்துல கூட ஒருத்தன்மேல இத்தன விட மாட்டாங்கம்மா."

பூதக்கண்ணாடி சிரித்தபடியே அடுத்த சட்டையை விரித்தார். "எண்ணெய்ப் புள்ளிண்ணே. முனையில கடுகாட்டம் கருப்பா நிக்குது. ஊசி கக்குதோ என்னவோ."

"நேத்துதான் மெக்கானிக் பிரிச்சுப் பாத்துட்டுப் போனாரு. நானும் துடைச்சு வெச்சிருக்கேன்."

"நான் பாத்தத ஒட்டறேன். பாக்காதத ஒட்டறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

"சேச்சே, உன்னப் போயி அப்படிச் சொல்வேனா?" என்று சொல்லிவிட்டுக் காலர்க்காரர் தம் விரல்களை ஒருமுறை முகர்ந்து பார்த்தார். பிறகு கைகழுவும் இடத்துக்குப் போனார்.

அன்று மாலை அவர் ஊசிக்குக் கீழே ஒரு துணிப்பட்டையைக் கட்டினார். மறுநாள், இயந்திரங்களின் மசகைக் கழுவ வைத்திருக்கும் காரச் சோப்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்து காலடியில் வைத்துக்கொண்டார். இருபது காலருக்கு ஒருமுறை எழுந்துபோய் அதில் கை கழுவினார். அம்புகள் குறையவில்லை.

பூதக்கண்ணாடியின் வீட்டில் ஒரே அறை. அவருடைய கணவர் ஒரு கிடங்கில் இரவுக் காவலாளி. மனைவி வேலை முடிந்து வருவதற்கும் கணவர் வேலைக்குப் புறப்படுவதற்கும் இடையே அரைமணி நேரம் இருக்கும். குடும்பம் நடத்துவதெல்லாம் அந்த அரைமணியில்தான். அன்றைக்குக் காவலாளி சட்டைப் பட்டனைப் போட்டுக்கொண்டே, மாத்திரை டப்பாவுக்கு அடியில் மடித்துவைத்திருந்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

"இந்தச் சீட்டுக்கு வயசு மூணு முடிஞ்சுது. இன்னும் கொஞ்ச நாள்ல பள்ளிக்கூடத்துல சேத்துடலாம்."

"கிண்டல் போதுங்க."

"சர்க்கர டாக்டர் என்ன சொன்னாரு? வருஷா வருஷம் கண்ணுக்குப் பின்னாடி படம் எடுத்துப் பாக்கணும்னாரா இல்லையா?"

"போன மாசம்தான் கம்பெனியில கண்ணு பாத்தாங்க. கடைசி வரி வரைக்கும் கடகடன்னு படிச்சேன். அந்தப் பொண்ணே அசந்துபோச்சு."

"அவங்க பாத்தது முன்பக்கம். டாக்டர் சொல்றது பின்பக்கம்."

"கண்ணுக்கு முதுகு வேற இருக்குதா?" என்று கேட்டுவிட்டு அவர் செருப்பைக் கழற்றினார். "சொட்டு மருந்து விடுவாங்க. அன்னிக்கு பூரா மசமசன்னு இருக்கும், வெளிச்சம் கூசும். மசமசன்னு போயி அந்த மேசையில எப்படி நிப்பேன்? ஒரு வரிசைக்கு ஒரு ஆளுதான். போன தடவ லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் என்ன கேட்டாரு தெரியுமா? உங்க கண்ணுக்குப் பதிலா யாரு கண்ண வெக்கறதுன்னு."

"அவரு கண்ண வெக்கச் சொல்றதுதானே."

"வெள்ளச் சரக்கு போயிடட்டும். போயிட்டு வந்துடறேன்."

பூதக்கண்ணாடிக்குச் சர்க்கரை நோய் வந்து ஒன்பது ஆண்டுகள். மாத்திரையை ஒருநாளும் தவறவிட்டதில்லை. ஆனால் மதியச் சாப்பாடு ஒருநாள் பன்னிரண்டுக்கும் மறுநாள் மூன்றுக்கும் என்று, வரிசையின் ஓட்டத்தைப் பொறுத்தே அமைந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஒருமுறைகூட டாக்டர் சொன்ன கோட்டுக்குக் கீழே இறங்கவில்லை. காவலாளி சீட்டைப் பழையபடி மடித்து டப்பாவுக்கு அடியில் வைத்தார். போகும்போது, "எனக்கென்ன, எழுத்துக் கூட்டிப் படிக்கறவன். படிச்சதச் சொன்னேன்" என்றார்.

வெள்ளிக்கிழமை சூப்பர்வைசர் தாளோடு வந்தார். முப்பது வயதைத் தாண்டாதவர். யாரையும் அக்கா, அண்ணன் என்று அழைப்பவர். குரலை உயர்த்தும் பழக்கம் இல்லாதவர். நான்கு நாளில் அறுபத்தொரு கறை. அறுபத்தொன்றும் காலர்க்காரரின் எண்ணான இருபத்தேழு.

"அண்ணே, நான் ஒண்ணும் சொல்லல. உங்க நம்பர் சொல்லுது."

காலர்க்காரர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். விரல்நுனிகளில் தோல் வெளுத்து உரிந்திருந்தது. நகக்கண்களில் ரத்தம் கட்டியிருந்தது. "இதுல எண்ணெய் எங்க இருக்கு சார்? எடுத்துக் காட்டுங்க, நானே போயிடறேன்."

அன்று அவரைக் காலர் இயந்திரத்திலிருந்து எழுப்பி, நூல் வெட்டும் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். சனிக்கிழமை மாலை, திங்கள் முதல் வர வேண்டாம் என்றார்கள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் சரிபார்க்கும் மேசை வழியாகவே போனார்.

"வரேன் தங்கச்சி."

"அண்ணே, நான் வேணும்னு..."

"அட, உன்ன யாரு சொன்னா? உன் கண்ணு பொய் சொல்லாது. அது ஊருக்கே தெரியும். என் கைதான் ஏதோ தப்பு பண்ணுது. வயசாச்சில்ல."

திங்கட்கிழமை காலர் இயந்திரத்தில் புது ஆள் உட்கார்ந்தார். இயந்திரமும் புதிது, பழையதைப் பழுதுபார்க்கும் அறைக்குத் தள்ளியிருந்தார்கள். பத்து மணிக்குள் பூதக்கண்ணாடி ஒன்பது அம்புகள் ஒட்டியிருந்தார். பத்தாவது அம்பைத் தாளிலிருந்து பிரித்து எடுத்தவர் கையை நிறுத்தினார். புது ஆள், புது இயந்திரம், அதே முனை, அதே கடுகு.

விதியை மீறி அவர் அந்தச் சட்டையை இரண்டாம் முறை பார்த்தார். காலர் முனையில் புள்ளி நின்றது. கண்ணைப் பட்டன் பட்டிக்கு நகர்த்தினார். புள்ளி வழுக்கிக்கொண்டு கூடவே வந்து, கண் நின்ற இடத்துக்குச் சற்றுக் கீழே தங்கியது. சட்டையை அகற்றிவிட்டு வெற்று மேசைத் தகட்டைப் பார்த்தார். தகட்டில் இருந்தது. எழுதாத தாள் ஒன்றை எடுத்து விரித்தார். தாளில் இருந்தது. கையிலிருந்த அம்பை அந்தப் புள்ளியை நோக்கித் தாளில் ஒட்டிவிட்டு, தலையைத் திருப்பிச் சுவரைப் பார்த்தார். மறுபடி தாளைப் பார்த்தபோது அம்பு வெற்றிடத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. புள்ளி இரண்டு விரற்கடை தள்ளி நின்றது. இடக்கண்ணைப் பொத்தினார், புள்ளி இருந்தது. வலக்கண்ணைப் பொத்தினார், தாள் சுத்தமாக இருந்தது.

அவர் நேரே பின்னறைக்குப் போனார்.

"துப்பாக்கிண்ணே, போன வாரம் காலர்ல கறை வந்துச்சே. நீங்க பாத்தீங்களா?"

"எதப் பாத்தேனா?"

"கறைய. உங்க கண்ணால."

துப்பாக்கி பீய்ச்சுவதை நிறுத்தவில்லை. "அம்பப் பாத்தேன். நீ ஒட்டின அம்பு. பூதக்கண்ணாடி ஒட்டினதுக்கு எதுத்தாப்புல கறை இல்லாம வேற என்னம்மா இருக்கப்போவுது?"

வயிற்றுவலி என்று சொல்லி அவர் அரைநாள் கேட்டு வாங்கினார். சரிபார்ப்பவர் கண் என்ற சொல்லை வாயால் எடுக்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். கண் மருத்துவமனை பெஞ்சில், சொட்டு மருந்து விட்ட கண்களை மூடிக்கொண்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒருவர் தம் முறை எப்போது வரும் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் இவரிடமே கேட்டார். இவரும் ஒவ்வொரு முறையும், "கூப்பிடுவாங்க ஐயா" என்று சொன்னார்.

டாக்டர் அம்மா திரையில் படத்தைக் காட்டினார். ஆரஞ்சு நிற வட்டத்தில் மெல்லிய கிளைகள். கிளைகளுக்கு இடையே சிவப்புத் தெறிப்புகள். சொட்டு மருந்தால் பூதக்கண்ணாடிக்கு அவை கலங்கித்தான் தெரிந்தன.

"சர்க்கர எத்தன வருஷமா?"

"ஒம்பது வருஷம் டாக்டர்."

"இதுக்கு முன்னாடி இந்தப் படம் எடுத்ததே இல்லையா?"

"கண்ணு நல்லாத்தான் தெரிஞ்சுது. கடைசி வரி வரைக்கும் படிப்பேன்."

"படிப்பீங்கம்மா. இந்த நோய் அப்படித்தான். உள்ள ரத்தக்குழாய் கெட்டுக்கிட்டே வரும், வலிக்காது, எழுத்தும் நல்லாத் தெரியும். எழுத்து மறைய ஆரம்பிக்கறப்போ பாதி காரியம் கைய விட்டுப் போயிருக்கும்." டாக்டர் பேனா முனையால் திரையைத் தொட்டார். "வலது கண்ணுல புதுசா குழாய் முளைச்சிருக்கு. ரொம்ப மெல்லிசு. அதுல ஒண்ணு லேசா கசிஞ்சிருக்கு. நீங்க பாக்கற புள்ளி அந்த ரத்தம்தான்."

"அது சட்டையில இல்லையா டாக்டர்?"

டாக்டருக்குக் கேள்வி விளங்கவில்லை. "எதும்மா?"

"ஒண்ணுமில்ல. சொல்லுங்க."

"நாளைக்கே லேசர் ஆரம்பிச்சிடணும். வலதுக்கு மூணு நாலு தடவ வரணும், அப்புறம் இடதுக்கு. போனதக் கொண்டுவராது, இருக்கறதக் காப்பாத்தும். தள்ளிப்போட்டு அது பெரிசா கசிஞ்சுதுன்னா ரத்தம் முன்னாடி வந்து மறைச்சுக்கும். அப்புறம் லேசர் உள்ள போகவே வழி இருக்காது. சர்க்கரையும் பிரஷரும் கட்டுக்குள்ள வரணும். புரியுதா?"

"புரியுது டாக்டர்."

மறுநாள் காலை, இயந்திரங்கள் ஓடத் தொடங்கும் முன்பே அவர் சூப்பர்வைசரின் கண்ணாடி அறையில் நின்றார். கையில் டாக்டர் கொடுத்த கடிதம் இருந்தது. கடிதத்தை நீட்டுவதற்கு முன் சொல்ல வேண்டியதைச் சொன்னார். காலர்கள் சுத்தமாக இருந்தன; கறை தம் கண்ணில் இருந்தது; அண்ணனைத் திரும்பக் கூப்பிட வேண்டும். சூப்பர்வைசர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னீங்களாக்கா?"

"இல்ல சார். உங்ககிட்டதான் மொதல்ல."

"நல்லது. உக்காருங்க." அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார். பதினோர் ஆண்டுகளில் அந்த அறையில் பூதக்கண்ணாடி உட்கார்ந்தது அதுவே முதல்முறை. "நீங்க சொல்றத நான் எழுதினா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நீங்க பாத்து அனுப்பின பன்னெண்டாயிரம் சட்டையையும் பொட்டியப் பிரிச்சு மறுபடி பாக்கணும். வாங்கறவங்க அப்படித்தான் கேப்பாங்க. பாக்க ஆளு ஏது? நாளு ஏது?"

"அண்ணன் என்ன பண்ணினாரு சார்? பாவம், கைத்தோலே போச்சு அவருக்கு."

"தெரியுது. எனக்கும் மனசு இருக்கு." சிறிது நேரம் மேசைக் காலண்டரைப் பார்த்தார். "எட்டு நாள். சரக்கு வண்டி ஏறட்டும். மறுநாளே அண்ணனுக்குப் பழைய மெஷின், உங்களுக்கு ஒரு மாசம் லீவு. என் வாக்கு."

"இன்னிக்கே லேசர்னு டாக்டர்..."

"இன்னிக்கேதான் போவேன்னா போங்க. தடுக்க எனக்கு உரிமை இல்ல. ஆனா நடுவுல ஆள் மாத்தினா ஏன்னு மேல கேப்பாங்க. ஏதோ ஒண்ணு எழுதித்தான் ஆகணும். அப்புறம் அண்ணன் விஷயம் என் கையில இருக்காது. எட்டே நாள்க்கா. புள்ளி எதுன்னு இப்பதான் தெரிஞ்சுபோச்சே, அத மட்டும் ஒட்டாம விடுங்க."

பூதக்கண்ணாடி கடிதத்தை நீட்டாமலே மடித்து எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பினார்.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் காலர்க்காரரின் வீட்டுக்குப் போனார். கதவைத் திறந்தது காலர்க்காரரின் மனைவி.

"வாம்மா பூதக்கண்ணாடி. தொழிற்சாலையில பாத்தது போதாதா? எங்க வீட்டுலயும் கறை பாக்க வந்தியா?"

"அவள உள்ள விடு" என்றார் உள்ளேயிருந்து காலர்க்காரர். அவர் தரையில் உட்கார்ந்து விரல்களுக்குக் களிம்பு தடவிக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். கண்ணில் ரத்தம் கசிந்ததைச் சொன்னார், அது காலர் முனையில் வந்து நின்றதைச் சொன்னார், துப்பாக்கி சொன்னதையும் சொன்னார். காலர்க்காரர் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"அப்ப இந்தக் கையில ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லண்ணே."

"ஏதோ ஊறுதுன்னே நெனச்சேன். ராத்திரி தூக்கத்துல கூட எண்ணெய் வாசன வர்ற மாதிரியே இருந்துச்சு."

"அஞ்சு நாளா இந்த மனுஷன் கையால சோறு தொடல" என்றார் அவர் மனைவி. "ஸ்பூன்ல சாப்பிடறாரு. குழந்தைக்கு ஊட்டற மாதிரி நான் ஊட்ட வந்தா கோவம் வேற." பிறகு குரலைத் தாழ்த்தி, "உனக்கு ஒரு தடவ திரும்பிப் பாக்கத் தோணலியாம்மா?" என்றார்.

பூதக்கண்ணாடி தலையைக் குனிந்துகொண்டார். "எட்டு நாள்ல கூப்பிடுவாங்கண்ணே. பழைய மெஷினே. சூப்பர்வைசர் வாக்கு குடுத்திருக்காரு."

"அது கிடக்கட்டும். உன் கண்ணுக்கு என்ன பண்ணப்போற? டாக்டர் என்ன சொன்னாங்க?"

"லேசர் வெக்கணுமாம்."

"எப்ப?"

"சீக்கிரமா."

"மொதல்ல அதப் பாரு. மெஷின் எங்க ஓடிப்போவுது, இரும்புதானே. இவ கெடக்கா, வாய்தான் கொஞ்சம் நீளம். நீ கண்ணப் பாரு."

"பாக்கறேண்ணே. எல்லாத்தையும் சேத்துப் பாக்கறேன்" என்றார் அவர். அண்ணனின் மெஷினுக்காக லேசரை எட்டு நாள் தள்ளிப்போட்டதைச் சொல்லவில்லை.

மறுநாள் காலை காவலாளி வழக்கத்தைவிட முன்னதாகவே வேலை முடிந்து வந்தபோது அந்தக் கடிதம் அவர் கையில் சிக்கியது. எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கேன்னு போட்டிருக்கு. தேதி முந்தாநாளு. எந்த நாளைக்கும்மா இது?"

"எட்டு நாள் கழிச்சுப் போறேன்னு சொல்லியிருக்கேன்."

"யாருகிட்ட? டாக்டர்கிட்டயா, சூப்பர்வைசர்கிட்டயா?"

அவர் சோற்றுப் பாத்திரத்தை மூடி, துணிப்பையில் வைத்தார்.

"ராத்திரி பூரா எவன் கதவையோ காவல் காக்கறேன்" என்றார் காவலாளி. "என் வீட்டுல பட்டப்பகல்ல திருடு போவுது. நீயே கதவத் திறந்து விடற."

"அந்த அண்ணன் கைய நீங்க பாக்கலிங்க. நான் ஒட்டின அம்புங்க அதெல்லாம். நான் நடுவுல போனா அவரு பேரு அப்படியே நின்னுடும்."

"போயி நானே கேக்கட்டுமா அந்தாளு கிட்ட?"

"வேண்டாங்க. நீங்க கேட்டா இருக்கறதும் போயிடும். இன்னும் ஏழே நாளு."

காவலாளி கடிதத்தை அவரிடம் கொடுக்கவில்லை; தம் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அன்று அவர் பகலில் தூங்கவில்லை என்பது மாலையில் அவர் கண்களைப் பார்த்துத் தெரிந்தது.

அந்த நாட்களில் பூதக்கண்ணாடி ஒவ்வொரு சட்டையையும் இரண்டு முறை பார்த்தார். முதல்முறை இரண்டு கண்ணாலும், இரண்டாம் முறை வலக்கண்ணை இறுக மூடிக்கொண்டும். மணிக்குத் தொண்ணூறு சட்டை என்பது அறுபதுக்கு இறங்கியது. சூப்பர்வைசர் கடந்துபோகும்போதெல்லாம், "கொஞ்சம் கையப் போடுங்கக்கா" என்று பணிவாகச் சொன்னார். சாப்பாட்டு மணி அடித்தாலும் அவர் நின்றுகொண்டே இருந்தார். நான்காம் நாள், கடுகு நீண்டு ஒரு நூலானது. அறுந்த நூல் சட்டையில் ஒட்டியிருப்பதாக எண்ணி அதைக் கிள்ளி எடுக்கப் போய், இரண்டு முறை விரல் வெறும் துணியைக் கிள்ளியது.

ஆறாம் நாள் மாலை நான்கு மணி இருக்கும். காலரைத் தூக்கி விளக்குக்குக் காட்டினார். சட்டையின் கீழ்ப்பக்கத்திலிருந்து பழுப்பாக ஏதோ புகை போல எழும்பி வந்தது. யாரோ தேநீரைக் கொட்டிவிட்டார்கள் என்று நினைத்துச் சட்டையை வெடுக்கென்று மேலே தூக்கினார். பழுப்பு அவர் தூக்கிய பக்கம் போகவில்லை. காலர் முனையை மூடியது, விளக்கை மூடியது, பிறகு எதிரே நின்ற நூல் வெட்டும் பெண்ணின் முகத்தையும் மூடியது. அவர் மேசை விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு சற்று நேரம் நின்றார். அதன்பின் அந்தச் சட்டையை இடக்கண்ணால் முழுவதும் பார்த்து முடித்து, மடித்து, நல்ல சட்டைகளின் அடுக்கில் வைத்தார்.

"என்னக்கா, கண்ணுல தூசியா?" என்றாள் நூல் வெட்டும் பெண்.

"ஆமாம்மா."

மறுநாள் டாக்டர் அம்மா வெகுநேரம் வலக்கண்ணைப் பார்த்தார். ரத்தம் முன்னால் நின்றது, லேசர் போகாது. பெரிய மருத்துவமனையில் அறுவை செய்து ரத்தத்தை அகற்ற வேண்டும். அங்கே வரிசை நான்கு மாதம். டாக்டர் அம்மா கடிதத்தில் அவசரம் என்று எழுதி இரண்டு கோடு போட்டார். கடிதங்களில் பெரும்பாலானவற்றில் அந்தச் சொல் இருந்ததால், அது இவருடைய முறையை முன்னே கொண்டுவரவில்லை. நான்கு மாதம் கழித்து அறுவை நடந்தபோது விழித்திரை பின்சுவரிலிருந்து இழுபட்டுக் கழன்றிருந்தது. இடக்கண்ணுக்கு லேசர் வைத்தார்கள். அதில் நடுப்பார்வை மட்டும் மங்கலாகத் தங்கியது.

சரக்கு குறித்த நாளில் வண்டி ஏறியது. பூதக்கண்ணாடியின் மேசையில் கடைசி இரண்டு நாளும் வேறு வரிசையிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

காலர்க்காரர் எட்டாம் நாள் காத்திருந்தார். ஒன்பதாம் நாள் தாமே வாயிலுக்கு வந்தார். அவர் தாமாக வேலையை விட்டதாகப் பதிவேட்டில் எழுதியிருப்பதை வாயிற்காவலர் படித்துக் காட்டினார். சூப்பர்வைசர் வெளியே வந்து, "மேல பேசிட்டிருக்கேண்ணே" என்றார். அடுத்த மாதம் அவர் பதவி உயர்வு பெற்று வேறு கிளைக்குப் போனார்.

பூதக்கண்ணாடியை அலுவலகத்துக்கு அழைத்தபோது காவலாளியும் கூட வந்தார். அவரை வெளிப் பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். அலுவலர் ஒரு படிவத்தை மேசைமேல் வைத்து, சொந்த விருப்பத்தின்பேரில் பணியிலிருந்து விலகுவதாக அதில் எழுதியிருப்பதை மரியாதையோடு படித்துக் காட்டினார்.

"கண்ணு போனதாலன்னு எழுதக் கூடாதுங்களா?" என்றார் பூதக்கண்ணாடி.

"சர்க்கர உங்க சொந்த வியாதிம்மா. அதுக்கு இந்தப் படிவத்துல எடம் இல்ல. இங்க போடுங்க கையெழுத்து."

"எங்கங்க?"

அலுவலர் கோட்டுக்குக் கீழே ஓர் அளவுகோலை வைத்து, அவர் விரலைப் பிடித்து அதன் விளிம்பில் பதித்தார். அவர் மெதுவாகத் தம் சொந்தப் பெயரை எழுதினார். பாதிப் பெயர் தாளில் விழுந்தது. மீதி அளவுகோலைத் தாண்டி மேசைக் கண்ணாடியின் மேல் போயிற்று. அலுவலர் தாளை எடுத்துக் கோப்பில் வைத்தார். ஈரத்துணியால் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

இழந்தவற்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். அவருடைய வலக்கண் முழுவதும். இடக்கண்ணில் ஓரங்கள், அந்திக்குப் பிறகு எல்லாம். மேசை முன் நின்ற பதினோர் ஆண்டுகள். இருட்டியபின் அவரைத் தனியே விட முடியாமற்போனதால் கணவர் விட்ட காவல் வேலை. காலர்க்காரரின் பத்தொன்பது ஆண்டுகள், அவருடைய வலக்கை விரல்கள் இரண்டின் நுனியில் தொடுவுணர்ச்சி. அனுப்பிய வெள்ளைச் சட்டைகள் பதினெட்டாயிரம். குறை என்று திரும்பி வந்தது ஒன்றுமில்லை.